பி.கே.ரோசிக்கும் நாகர்கோவிலுக்கும் என்ன தொடர்பு?

மலையாள சினிமாவின் முதல் கதாநாயகியான ரோசி ஏன் நாகர்கோவிலில் வாழ்ந்தார் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், உயிருக்குப் பயந்து இங்கே வந்தார்.

ரோசி திருவனந்தபுரத்துக்காரர், புலையர் என்ற தலித் சமூகத்தில் பிறந்தவர். புல் அறுத்துப் பிழைத்துக்கொண்டே காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகத்திலும் நடித்தார். பெண்கள் மேடையேறுவதே அதிசயமாக இருந்த காலம் அது. 'விகதகுமாரன்' என்ற ஊமைப்படத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்தவர் நம்ம அகஸ்தீஸ்வரத்துக்காரர் ஜே.சி.டேனியல். சொத்தை விற்றுப் படம் எடுத்த மனிதர்.

படத்தில் ரோசிக்கு சரோஜினி என்ற நாயர் (உயர்சாதி) பெண் வேடம். வம்பு அங்கேதான். தலித் பெண் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் ரகளை; திரையில் கல் விழுந்தது. தான் நடித்த படத்தைப் பார்க்க ரோசியை உள்ளேயே விடவில்லை என்பார்கள். அப்புறம் அவர் குடிசைக்கும் தீ வைத்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் போன ஒரு லாரியில் ஏறித் தப்பினார். லாரியை ஓட்டிவந்த கேசவப் பிள்ளையையே மணந்து, ராஜம்மாளாக நாகர்கோவிலில் குடும்பம் நடத்தினார். அதாவது, நாயர் பெண்ணாக நடித்ததற்காக விரட்டப்பட்டவர் நாயர் வீட்டு மருமகளானார்! அதன்பின் எந்தப் படத்திலும் நடிக்கவில்லை.

டேனியலும் கடனாளியாகி, பல் மருத்துவம் பார்த்து, 1975-இல் இறந்தார். அவர் பெயரில் கேரள அரசு பெரிய விருதே கொடுக்கிறது. ரோசிக்கு 2023-இல் கூகுள் முகப்பில் டூடுல் ஓவியம் வந்தது. 'விகதகுமாரன்' படச்சுருள் மட்டும் இன்று இல்லை.