வெனிசிலிருந்து ஒரு நாள்: பதுவை மட்டுமா, வெரோனாவும் சேர்த்தா?

கேள்வி: வெனிசில் நான்கு நாள்கள் தங்குகிறோம். அதில் ஒரு நாளைப் பதுவை நகருக்கு ஒதுக்கலாமா? அதே நாளில் வெரோனாவையும் பார்த்துவிட முடியுமா? 68 வயதான அம்மாவும் உடன் வருகிறார். அவரால் அதிகம் நடக்க இயலாது; புனித அந்தோணியாரின் கல்லறையைத் தரிசிப்பது அவருடைய நெடுநாள் விருப்பம்.

பதில்: வெரோனாவை இந்த முறை விட்டுவிடுங்கள். பதுவையில் நீங்கள் பார்க்கவேண்டிய இரண்டு இடங்களில் ஒன்று, முன்பதிவு செய்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தினாலும் கிடைக்காமற்போகக்கூடியது. மற்றொன்றில் அம்மாவை அவசரப்படுத்த உங்களுக்கே மனம் வராது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். நம் ஊர்த் தேவாலயங்களில் 'பதுவை அந்தோணியார்' என்று கேட்டுப் பழகிய அந்த ஊர், ரயில் நிலையப் பலகையில் 'பாதோவா' என்றே இருக்கும். வெனிசின் சாந்தா லூச்சியா நிலையத்திலிருந்து விரைவு வண்டியில் அரை மணிக்கும் குறைவான பயணம். நின்று நின்று செல்லும் வண்டியில் சற்றுக் கூடுதலாகும். வட்டார வண்டிக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள மறவாதீர்கள். குத்தாத சீட்டுக்கு அபராதம் உண்டு.

நாளின் திட்டத்தை ஸ்க்ரோவேஞி சிற்றாலயத்திலிருந்தே தொடங்கவேண்டும். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லக்கூடிய தொலைவில், வெளியிலிருந்து பார்த்தால் எளிய செங்கல் கட்டடமாகத் தோன்றும் இதன் உட்சுவர்கள் முழுவதையும் ஜோத்தோ என்ற ஓவியர் 1305-ஆம் ஆண்டையொட்டி வரைந்து முடித்தார். ஓவியங்களை ஈரப்பதத்திலிருந்து காப்பதற்காக, பார்வையாளர்களைச் சிறு குழுக்களாக முதலில் ஒரு கண்ணாடி அறையில் கால் மணி நேரம் அமரவைத்து, உள்ளிருக்கும் காற்று சீரான பின்னரே ஆலயத்துக்குள் அனுப்புகிறார்கள். உள்ளே கிடைப்பதும் பொதுவாகக் கால் மணி நேரந்தான். ஆகவே பல நாள்களுக்கு முன்பே இணையத்தில் பதிவு செய்து, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்னதாகவே போய்விடுங்கள். பைகளை ஒப்படைக்கவும் நேரம் வேண்டும்.

அந்தக் கால் மணியில் எல்லாவற்றையும் பார்க்க முயலவேண்டாம். கதை மேல் வரிசையில் மரியாளின் பெற்றோரான சுவக்கீன், அன்னம்மாளிடம் தொடங்கி, சுவரைச் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறது. யூதாஸ் இயேசுவை முத்தமிடும் காட்சியில், அவனுடைய மஞ்சள் மேலாடை இயேசுவை ஏறக்குறைய மூடிவிடுகிறது. தீவட்டிகளும் ஈட்டிகளும் நெருக்கியடிக்கும் அந்தக் கூட்டத்தின் நடுவே இருவர் கண்கள் மட்டும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. பிறகு குனிந்து அடிவரிசையைப் பாருங்கள். கற்சிலைபோலச் சாம்பல் நிறத்தில் தீட்டப்பட்ட தீக்குணங்களுள் 'பொறாமை' காலடியில் தீ எரிய நிற்கிறது. அதன் வாயிலிருந்து புறப்பட்ட பாம்பு வளைந்து திரும்பி, அதன் கண்களையே கொத்த வருகிறது. பொறாமை யாரை அழிக்கும் என்பதற்கு உரையே தேவையில்லை.

ஆலயத்தைக் கட்டிய என்ரிக்கோ ஸ்க்ரோவேஞியின் தந்தையை, வட்டித் தொழில் செய்தவர் என்று கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நரகத்தில் வைத்துவிட்டார். தந்தையின் வட்டிப் பாவத்தைப் போக்கவே மகன் இதைக் கட்டினான் என்று சொல்வதுண்டு. கடைசித் தீர்ப்பு ஓவியத்தில், ஆலயத்தின் சிறு வடிவத்தைக் காணிக்கையாக ஏந்தி நிற்பவன் அவனேதான், அதுவும் மீட்கப்பட்டவர்களின் பக்கத்தில்.

அங்கிருந்து தெற்கே செல்லும் டிராம் அம்மாவுக்கு வசதியானது. இடையில் இறங்க அவருக்குத் தெம்பிருந்தால், காய்கறிச் சந்தைக்கும் பழச் சந்தைக்கும் நடுவே எழுந்து நிற்கும் பலாத்சோ தெல்லா ராஜோனே என்ற பழைய நீதிமன்றத்தைப் பார்க்கலாம். சுமார் 80 மீட்டர் நீளமான அதன் மாடி மண்டபத்தில் நடுவே தூண் ஒன்றுகூட இல்லை. ஆனால் படியேறவேண்டும், திங்கட்கிழமைகளில் மூடியிருப்பது வழக்கம். 1222-இல் தோன்றிய பல்கலைக்கழகம் சற்று அப்பால் உள்ளது. கலிலேயோ 1592 முதல் 1610 வரை கற்பித்த இடம் அது. அங்குள்ள பழைய உடற்கூற்று அரங்கை வழிகாட்டியுடன் மட்டுமே காண இயலும் என்பதால், உங்கள் நாளில் அதற்கு இடமிருக்காது என்றே நினைக்கிறேன்.

பிற்பகலை முழுவதும் அந்தோணியார் பேராலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்கள் அதை 'இல் சாந்தோ' என்பார்கள்; 'புனிதர்' என்றால் இவரைத் தவிர வேறு யார் என்ற எண்ணம்! லிஸ்பனில் பிறந்து, 1231 ஜூன் 13 அன்று பதுவைக்கு அருகே இறந்த அவர், ஓராண்டு முடிவதற்குள் புனிதராக அறிவிக்கப்பட்டார். கல்லறை இடப்பக்கச் சிற்றாலயத்தில், சலவைக்கல் புடைப்புச் சிற்பங்கள் சூழ இருக்கிறது. பின்புறம் சென்று, கல்லின்மீது உள்ளங்கையைப் பதித்துச் சிறிது நேரம் வேண்டிக்கொள்வது வழக்கம். அருகில் குழந்தைகளின் படங்களும் நன்றிக் கடிதங்களும் குவிந்திருப்பதைக் காண்பீர்கள். அம்மா அங்கே நிற்கும்போது நேரம் பார்க்கவேண்டாம். பீடத்துக்குப் பின்னுள்ள திருப்பண்டச் சிற்றாலயத்தில் புனிதரின் நாவு பாதுகாக்கப்படுகிறது. 1263-இல் கல்லறையைத் திறந்தபோது அது மட்டும் அழியாதிருந்தது என்பது மரபு. தோள்களும் முழங்கால்களும் மூடிய உடை அவசியம். ஜூன் 13 திருவிழா நாளன்று நெரிசல் மிகுதி என்பதால், அம்மாவை நினைத்து அந்தத் தேதியைத் தவிர்ப்பது நல்லது.

பேராலயத்துக்கு வெளியே, தொனாத்தெல்லோ வார்த்த வெண்கலக் குதிரை வீரன் சிலையைச் சற்று நின்று பாருங்கள். அம்மா ஆலயத்தில் இன்னும் சிறிது நேரம் அமர்ந்திருக்க விரும்பினால், நீங்கள் மட்டும் அருகிலுள்ள தாவரவியல் தோட்டத்துக்குப் போய்வரலாம். 1545-இல் மருந்துச் செடிகளுக்காக அமைக்கப்பட்ட இதில், 1585-இல் நட்ட பனை வகை மரம் ஒன்று தனக்கென ஒரு கண்ணாடி வீட்டுக்குள் இன்றும் இருக்கிறது. அருகிலேயே, 78 சிலைகள் சூழ்ந்த நீர்வாய்க்காலுடன் பிராத்தோ தெல்லா வாலே என்ற பெருந்திடல் விரிந்திருக்கிறது. மாலையில் அங்கே அம்மாவுடன் சிறிது நேரம் அமர்ந்துவிட்டு, அங்கிருந்தே டிராம் ஏறினால் நேரே ரயில் நிலையத்தில் இறங்கலாம்.