மாமியார் சொல்வது பாதி சரி

பெரம்பூரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “ஏழு வயது மகனுக்கு டான்சில் எப்போதும் பெரிதாகவே இருக்கிறது. போன வருடம் மூன்று முறை காய்ச்சலோடு தொண்டை வலி வந்தது. அறுவை செய்து எடுத்துவிடலாமா? எடுத்தால் எதிர்ப்புச் சக்தியே போய்விடும் என்கிறார் மாமியார்.”

பையனை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி ‘ஆ’ சொல்லச் சொல்லுங்கள். நடுவில் தொங்குவது உள்நாக்கு; டான்சில் என்று பலர் அதைத்தான் காட்டுவார்கள். இருபுறமும் பாதாம் பருப்பு அளவில் புடைத்திருக்கும் சதைகளே டான்சில். உற்றுப் பார்த்தால் அவற்றின் மேல் சிறு குழிகள் தெரியும். உள்ளே அவை சௌகார்பேட்டைச் சந்துகளைப் போலக் கிளை கிளையாகப் பிரிந்து போகின்றன. சாப்பாட்டோடும் மூச்சோடும் வரும் கிருமிகள் அங்கேதான் சிக்குகின்றன. டென்ட்ரிடிக் செல்கள் என்ற காவல் செல்கள் அவற்றின் துணுக்குகளை எடுத்து டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களிடம் காட்டும். டி செல்கள், பி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை முடுக்கிவிடும். பி செல்கள் மளமளவென்று பெருகி, கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியைத் தயாரிக்கும். அப்படிப் பெருகும்போது சதை வீங்காமல் என்ன செய்யும்? நான்கிலிருந்து பத்து வயது வரை இந்த வேலை மும்முரமாக நடக்கும். வளர வளரச் சதை தானே சுருங்கும். ஏழு வயதில் டான்சில் பெரிதாக இருப்பது மட்டுமே நோயாகாது.

ஆக, எதிர்ப்புச் சக்தியில் டான்சிலுக்குப் பங்கு உண்டு; மாமியார் சொல்வதில் அந்தப் பாதி சரி. எடுத்தால் அந்தச் சக்தியே போய்விடும் என்ற மறுபாதிக் கவலை தேவையில்லை. மூக்கின் பின்புறம், நாக்கின் அடி என்று தொண்டையைச் சுற்றி இதே வகைத் திசு வளையமாக இருக்கிறது. ஜெர்மானிய உடற்கூறியல் அறிஞர் வால்டேயர் 1884-இல் விவரித்த வளையம் அது. கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்த நிணநீர்க் கணுக்களும் இதே பணியைத்தான் செய்கின்றன. இரண்டு சதைகளை எடுத்தால் மற்றவை பார்த்துக்கொள்ளும்.

அதற்காக அவசரப்பட வேண்டாம். ஒரே வருடத்தில் ஏழு முறை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் ஐந்து முறை வீதம், அல்லது மூன்று வருடம் மூன்று முறை வீதம் வந்தால்தான் அறுவையைப் பற்றிப் பேசுவோம். காய்ச்சல் எவ்வளவு, சீழ் தெரிந்ததா, நெறி கட்டியதா என்று தேதியோடு நோட்டில் எழுதுங்கள். தினசரிக் காலண்டரில் எழுதினால் மறுநாள் கிழித்துவிடுவீர்கள்.

பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக் வீண். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா என்று மருத்துவர் சொன்னால் கதை வேறு. அதற்கு எதிராக எழும் ஆன்டிபாடிகள் சில குழந்தைகளுக்கு ஆள்மாறி இதய வால்வைத் தாக்கும். அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். பென்சிலின் வகை மாத்திரையைப் பத்து நாளுக்கு எழுதித் தந்தால் பத்து நாளும் கொடுங்கள். மூன்றாம் நாள் பையன் ஓடியாடினாலும் சரி.

எத்தனை முறை வந்தது என்ற கணக்கெல்லாம் ஒன்றுக்குப் பொருந்தாது: பெரிய டான்சில் தூக்கத்தில் மூச்சை அடைப்பதற்கு. இரவில் குறட்டை விட்டு, நடுவே மூச்சு நின்று, திணறி விழிக்கிறானா? ஒரு நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வாருங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதைவிட அது எனக்கு அதிகம் சொல்லும்.