கல்லில் பாசி பிடிக்கவில்லையா? வாசகர் கேள்வி-பதில்

செயற்கை அருவி, நீரூற்று, அல்லித்தொட்டி இவற்றின் ஓரக் கற்களில் பாசி (மாஸ்) வளர்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த முறை பதில். பெரும்பாலானோர் கல் என்ன, வெயில் எத்தனை மணி நேரம், தண்ணீரின் டிடிஎஸ் (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு) எவ்வளவு என்று எழுதவே இல்லை. இந்த மூன்றும் இல்லாமல் 'ஏன் வளரவில்லை' என்று கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

நீரூற்றைச் சுற்றிய கற்களில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. வைத்த பாசி நுனி கருகிப் பழுப்பாகிறது. தினமும் தண்ணீர் தெளிக்கிறேன். (மேடவாக்கம்)

போர்வெல் தண்ணீர்தானே? எழுதாவிட்டாலும் வெள்ளைப் படிவமே சொல்லிவிடுகிறது. பாசிக்கு வேர் கிடையாது. கல்லைப் பிடித்துக்கொள்ள மெல்லிய இழைகள் மட்டும் உண்டு, தண்ணீர் குடிப்பது இலையால்தான். மற்ற செடிகளுக்கு ஊற்றும் உப்புநீர் மண்ணில் வடிந்துபோகும். பாசிக்கு ஊற்றினால் இலைமேலேயே காய்ந்து உப்பு அங்கேயே தங்கும். நீங்கள் தினமும் தெளிப்பது தினமும் ஒரு பூச்சு உப்பு.

இன்னொன்று. தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே கிடக்கும். 200 லிட்டர் தொட்டியில் 1,200 டிடிஎஸ் தண்ணீரை நிரப்பி, குறையக் குறைய அதே தண்ணீரை மொத்தம் 200 லிட்டர் ஊற்றி முடிக்கும்போது உள்ளே இருப்பது 2,400. கோடையில் ஒன்றிரண்டு மாதத்தில் இந்த நிலைக்கு வந்துவிடும்.

தொட்டியைக் காலி செய்யுங்கள். கற்களை வெளியே எடுத்து வினிகர் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் கழுவுங்கள். மீன் இருக்கும் தொட்டிக்குள் வைத்துத் தேய்க்க வேண்டாம். பிறகு மழைநீரால் நிரப்புங்கள். 100 சதுர அடி மொட்டைமாடியில் ஓர் அங்குல மழை பெய்தாலே 200 லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையின் அழுக்கை மட்டும் விட்டுவிட்டுப் பிடியுங்கள். மழை இல்லாத மாதங்களில் ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது, சென்னைப் புழுக்கத்தில் ஓர் இரவுக்கு ஒரு வாளி தேறும். ஏசி சர்வீஸ் செய்த பிறகு இரண்டு நாள் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், கிளீனர் கலந்திருக்கும். ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீர்க் குழாயில் வருவது சரி. கழிவுக் குழாயில் வருவதைப் பிடித்து ஊற்றாதீர்கள், அது போர்வெல்லை விட மோசம். டிடிஎஸ் 150-க்குக் கீழே இருக்கட்டும், 300 வரை சமாளிக்கலாம். மாதம் ஒருமுறை தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுங்கள்.

ஆர்க்கிட் கடையில் வாங்கிய காய்ந்த மாஸ் பாக்கெட்டைக் கல்லில் பரப்பி மூன்று மாதமாகத் தண்ணீர் விடுகிறேன். பச்சையாகவில்லை. (திருச்சி)

ஆகாது. அது ஸ்பேக்னம் என்ற பாசியைக் காயவைத்தது, ஈரம் பிடித்து வைப்பதற்காக விற்பது. சுவர் அலங்காரத்துக்கு வரும் பச்சைப் பாசியும் அப்படித்தான்: கிளிசரினும் சாயமும் ஏற்றிய சவம். தண்ணீர் பட்டால் சாயம்தான் போகும்.

மோரில் பாசியை மிக்ஸியில் அடித்துக் கல்லில் பூசினால் ஒரு மாதத்தில் பச்சையாகிவிடும் என்று வீடியோ பார்த்துச் செய்தேன். நாற்றம் தாங்கவில்லை. விகிதம் தவறா? (கோயம்புத்தூர்)

விகிதம் சரியோ தவறோ, மோரே தவறு. இந்த மோர் வைத்தியத்தை எத்தனை முறை மறுத்தாலும் மாதம் நான்கு கடிதமாவது வருகிறது. தயிர், பீர், சர்க்கரை, அரிசி கழுவிய தண்ணீர் என்று ஆளுக்கொரு சேர்மானம் வேறு.

இது குளிர்நாட்டுத் தோட்டக்காரர்களின் குறிப்பு. அங்கே நிழலில் கிடக்கும் ஈரக் கல்லில் ஒன்றும் பூசாவிட்டாலும் பாசி தானே வந்து உட்காரும். பூசிய மோருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நம் ஊர் 35 டிகிரியில் அதே மோர் அரை நாளில் புளித்து, மூன்றாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம், அதன்மேல் கறுப்புப் பூஞ்சணம், கூடவே எறும்பு, எலி. பாசிக்கு மாவுச்சத்தோ புரதமோ வேண்டாம். தனக்கு வேண்டியதை வெளிச்சத்தில் தானே தயாரித்துக்கொள்ளும். நீங்கள் ஊட்டுவது பூஞ்சணத்துக்கு.

தீங்கு கல்லோடு நிற்பதில்லை. தெறிக்கும் தண்ணீர் மோரைக் கழுவித் தொட்டிக்குள் சேர்க்கிறது. அதைச் சிதைக்கும் பாக்டீரியா தண்ணீரின் ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், விடிகாலையில் கப்பி மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அதைப் பார்த்துவிட்டு 'மீனுக்கு என்ன நோய்' என்று தனியாக ஒரு கடிதம் எழுதுகிறார்கள். மோர் காய்ந்தால் ஏடாகி, ஒட்டியிருக்கும் பாசித் துணுக்கையும் சேர்த்து உரித்துக்கொண்டு விழும்.

அந்தக் குறிப்பில் ஒரு பாதி மட்டும் உண்மை: பாசியின் சிறு துணுக்கும் தழைக்கும். அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மிக்ஸி வேண்டாம். பாசியை நிழலில் காயவைத்து உள்ளங்கைகளுக்கு இடையே கசக்கினால் போதும், மண்ணும் தனியே உதிரும். கல்லை ஓர் இரவு ஊறவையுங்கள். சலித்த செம்மண்ணையும் களிமண்ணையும் சமமாக எடுத்து மழைநீரில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்து, 2, 3 மி.மீ. கனத்துக்குப் பூசுங்கள். சதுர அடிக்கு ஒரு கைப்பிடி கசக்கிய பாசியைத் தூவி உள்ளங்கையால் அழுத்துங்கள். மேலே மருந்துக்கடையில் விற்கும் காஸ் துணியை ஒற்றை அடுக்காக விரித்துக் கட்டிவிடுங்கள். 6 முதல் 8 வாரம் அது காயவே கூடாது. காலை, மதியம், மாலை கைத்தெளிப்பானில் பனி போல அடியுங்கள். அந்த நாட்களில் அருவி ஓடும் கல்லில் வைக்காதீர்கள், மண் கரைந்து போய்விடும்.

நாலாவது வாரம் வாக்கில் மண்மேல் பச்சை நூல் படர்ந்த மாதிரி ஒரு மெல்லிய படலம் தெரியும். இங்கேதான் பலரும் 'வழுக்குப்பாசி (ஆல்கா) வந்துவிட்டது' என்று பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். அதுதான் உங்கள் பயிரின் முதல் கட்டம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கிளைவிட்ட பச்சை இழைகள், அவற்றில் ஊசிமுனை அளவு மொட்டுகள். மொட்டிலிருந்துதான் இலை வரும். தொட்டால் கொழகொழவென்று விரலோடு வருமானால் மட்டும் வழுக்குப்பாசி.

நீங்கள் ஏற்கெனவே பூசிய மோரை முழுக்கக் கழுவி, இரண்டு வாரம் வெறும் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒரு சொட்டு மோரும் வேண்டாம்.

கொடைக்கானலிலிருந்து ஒரு பை பாசி கொண்டுவந்தேன். மதுரையில் இரண்டே வாரத்தில் போய்விட்டது.

காப்புக் காட்டில் எடுத்திருந்தால் அது குற்றம். தனியார் தோட்டத்தில் எடுத்திருந்தாலும் வீண். சோலையின் 15, 20 டிகிரியில் நனைந்து கிடந்ததை 38 டிகிரியில் வைத்தால் எந்தத் தெளிப்பானும் காப்பாற்றாது. உங்கள் தெருவிலேயே தேடுங்கள்: வடக்குப் பார்த்த மதில், கிணற்றுச் சுவர், துவைக்கும் கல்லடி, குழாயடிச் செங்கல். அந்த ஊர் வெயிலைத் தாண்டி வந்த பாசி அங்கேதான் இருக்கிறது. மழை நின்ற மறுநாள், பெயின்டர்கள் வைத்திருக்கும் பட்டித் தகட்டைச் சாய்வாக விட்டு, அரை செ.மீ. மண்ணோடு கையகலத் துண்டாக நெம்புங்கள். மதிலில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் மிச்சம் மறுபடி மூடிக்கொள்ளும். மலையிலிருந்து பெயர்த்து வராதீர்கள். இதை ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

எந்தக் கல் நல்லது? கொத்தனார் கிரானைட் போடச் சொல்கிறார். (சேலம்)

பாலிஷ் போட்ட கிரானைட்டா, கொத்திய கருங்கல்லா? முதலாவது உதவாது. உளி பட்ட சொரசொரப்பான கருங்கல்லில் மெதுவாகப் பிடிக்கும். முதலிடம் செம்பராங்கல்லுக்கு: துளை நிறைய, ஈரம் உறிஞ்சி வைக்கும். அடுத்து மணற்கல், நன்றாகச் சுட்ட பழைய செங்கல். ஆற்றுக் கூழாங்கல் வழவழப்பு, கடப்பைக் கல்லும் அப்படியே.

சிமென்டில் செய்த செயற்கைப் பாறை என்றால் பொறுக்க வேண்டும். புதுச் சிமென்ட் கடும் காரம், பிஹெச் 12-க்கு மேல். சிறிய கல்லானால் தொட்டியில் அமிழ்த்தி, இரண்டு நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றி ஒரு மாதம் விடுங்கள். பெரிய அமைப்பானால் ஒரு மழைக்காலம் நனையட்டும். மீன் கடையில் கிடைக்கும் பிஹெச் தாளை ஈரக் கல்லில் ஒற்றி, 8-க்குக் கீழே வந்த பிறகு பாசி வையுங்கள். பெயின்ட், வாட்டர்ப்ரூஃப் பூச்சு அடித்த பாறை என்றால் ஆசையை விட்டுவிடுங்கள்.

அருவித் தண்ணீர் நேராக விழும் கல்லில் வைத்த பாசி நிற்கவே இல்லை. (நாகர்கோவில்)

விழுகிற இடத்தில் வைக்கக் கூடாது, தெறிக்கிற இடத்தில் வைக்க வேண்டும். மோட்டாரை ஓடவிட்டு, அரை மணி நேரம் கழித்துக் கற்களைப் பாருங்கள். ஓட்டம் இல்லாமல், முத்து முத்தாக நனைந்திருக்கும் பட்டைதான் பாசிக்கு உரியது. பெரும்பாலும் விழும் இடத்திலிருந்து அரை அடி முதல் ஒன்றரை அடிக்குள் இருக்கும். வைத்த துண்டை முதல் ஒரு வாரம் தினமும் ஒருமுறை உள்ளங்கையால் அழுத்துங்கள், அடியில் காற்று தங்கினால் ஒட்டாது. சரிவான கல்லில் பருத்தி நூலால் சுற்றிக் கட்டுங்கள். அது மக்குவதற்குள் பாசி பிடித்துவிடும். வெயில் காலை ஒன்பது மணிக்குப் பிறகு படக் கூடாது. நிழல் இல்லையென்றால் 75 சதவீதம் நிழல் தரும் பச்சை வலை கட்டுங்கள்.

தண்ணீருக்குள்ளும் ஓட்டத்திலும்தான் பசுமை வேண்டும் என்றால் மீன் கடையில் ஜாவா மாஸ் கேளுங்கள். நூலால் கட்டினால் ஒன்றரை மாதத்தில் பற்றிக்கொள்ளும். நீர்மட்டத்துக்கு மேலும் ஏறும், ஆனால் ஒரு நாள் மோட்டார் நின்றாலும் காய்ந்துவிடும்.

மே மாதத்தில் எல்லாம் பழுப்பாகிவிட்டது. சுரண்டி எறிந்துவிடட்டுமா? (வேலூர்)

எறியாதீர்கள். மதில் பாசிகள் காய்ந்து சுருண்டு கோடையைத் தாண்டும் ரகம். ஒரு துண்டின்மேல் மழைநீர் தெளித்து அரை மணி பொறுங்கள். இலை விரிந்து பச்சை திரும்பினால் உயிர் இருக்கிறது. சோதித்த பிறகு அரைகுறையாக நனைத்துக்கொண்டிருக்காதீர்கள். தினமும் கொஞ்சம் நனைத்து உடனே காயவிடுவதுதான் அதைக் கொல்லும். ஒன்று நாள் முழுக்க ஈரம், இல்லையென்றால் மழை வரும்வரை முழு ஓய்வு.

தொட்டித் தண்ணீரும் கல்லும் பச்சைக் கொழகொழப்பாகின்றன. மயில்துத்தம் போடலாமா? (தஞ்சாவூர்)

போட்டால் வழுக்குப்பாசியோடு நீங்கள் வளர்க்கும் பாசியும் மீனும் போகும். பிளீச்சிங் பவுடருக்கும் இதே பதில். வெயிலைக் குறையுங்கள், மீன் தீனியைப் பாதியாக்குங்கள், அல்லி இலை நீர்ப்பரப்பில் பாதியை மூடட்டும்.

என்ன உரம் போடலாம்? பஞ்சகவ்யம்? 19:19:19? (ஈரோடு)

எதுவும் வேண்டாம்.

தவிட்டுக்குருவிகள் பாசியை இழுத்து இழுத்துப் போடுகின்றன. (தென்காசி)

அடியில் புழு தேடுகின்றன. முதல் இரண்டு மாதம் 1 செ.மீ. கண் உள்ள வலையைக் கல்லோடு ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள். தொங்கலாக விட்டால் ஓணானும் பாம்பும் சிக்கும். புரண்டு கிடக்கும் துண்டுகளை அன்றன்றே திருப்பி அழுத்துங்கள். முளைக்கும் குப்பைமேனி, கீழாநெல்லியை நாற்றிலேயே இடுக்கியால் எடுங்கள், வளரவிட்டுப் பிடுங்கினால் பாசி பாளமாக வந்துவிடும்.

மூன்று மாதத்தில் கியோட்டோ தோட்டம் மாதிரி வர வேண்டும். எவ்வளவு செலவாகும்? (சென்னை)

ஜப்பானில் கியோட்டோ நகரின் சைஹோஜி கோயிலில் சுமார் 120 வகைப் பாசி உண்டு. அதை யாரும் மூன்று மாதத்தில் நட்டு வளர்க்கவில்லை. பராமரிப்பு இல்லாமல் கிடந்த காலத்தில் ஈரமும் நிழலும் பார்த்துத் தானே பரவியது. உங்களுக்கு ஆகக்கூடியது: செப்டம்பர் கடைசியில் கல்லில் கால் பங்கை மூடும் அளவுக்குத் துண்டு வைத்து, வடகிழக்குப் பருவமழையைப் பயன்படுத்திக்கொள்வது. இரண்டு மழைக்காலத்தில் துண்டுகள் இரண்டு மடங்கானால் நல்ல வளர்ச்சி. செலவு பச்சை வலைக்கும் டிடிஎஸ் மீட்டருக்கும்தான். மீட்டர் சில நூறு ரூபாய், முதலில் அதை வாங்குங்கள்.

நடைபாதைக் கல்லிலும் வளர்க்க ஆசை. வீட்டில் வயதான அம்மா இருக்கிறார். (புதுச்சேரி)

கல்லின் மேல் வேண்டாம், இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் வளருங்கள். மிதிக்கும் பரப்பை வாரம் ஒருமுறை கம்பி பிரஷால் தேய்த்துவிடுங்கள். தெறிப்பு அந்தப் பக்கம் வராதபடி மோட்டாரின் வேகத்தைக் குறையுங்கள். நீர்மூழ்கி மோட்டாரின் இணைப்பில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.