மூச்சு எடுக்கும் இடம்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒயிட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். பள்ளியில் கற்று விட்டுவிட்ட கிளாரினெட்டை நான்கு ஆண்டுகளுக்கு முன் மறுபடி கையில் எடுத்தேன். இப்போது ஊதுகருவிகளும் தாளக்கருவிகளுமாக நாற்பது பேர் சேர்ந்து வாசிக்கும் ஒரு கான்சர்ட் பேண்டில் எனக்கு இரண்டாம் கிளாரினெட். (என் அம்மா இன்னமும் "கல்யாண பேண்டா?" என்றுதான் கேட்கிறார்.) அடுத்த மாத நிகழ்ச்சிக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் தாரியுஸ் மியோவின் 'சூட் ஃபிரான்சேஸ்' (பிரெஞ்சுத் தொகுப்பு) எடுத்திருக்கிறோம். நார்மண்டி, பிரித்தானி, இல் த ஃபிரான்ஸ், அல்சாஸ்-லோரேன், புரோவான்ஸ் என்று ஐந்து பகுதிகள், ஐந்து ஊர்ப்பக்கங்கள். நான் பிரான்சைப் பார்த்ததே இல்லை. பார்க்காத ஊரைப் பற்றிய இசையை ஒருவர் நேர்மையாக வாசிக்க முடியுமா? அதன் கதையைத் தெரிந்துகொண்டுதான் வாசிக்க வேண்டுமா? கேட்பவர்களுக்கு உதவியாக ஒவ்வொரு பகுதிக்கும் பின்திரையில் அந்த ஊரின் டிரோன் காணொளியை ஓடவிடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன், எல்லோருக்கும் பிடித்துவிட்டது. படம் இல்லாமல் பெங்களூரில் இது யாருக்குப் புரியும்? இதேபோல நம் சோழர் கதைகளை வைத்து பேண்டுக்கு எழுத ஏன் யாரும் முன்வருவதில்லை?

என் பெயர் வேண்டாம். எங்கள் கண்டக்டரும் உங்கள் தளத்தைப் படிப்பவர்.

*

அன்புள்ள நண்பருக்கு,

மழையில் பரணில் ஈரம் இறங்கிவிட்டதால் அப்பாவின் தகரப் பெட்டியைக் கீழே இறக்கி, அதிலிருந்த இசைத்தாள்களை ஒவ்வொன்றாகக் காயவைத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால் இதற்கு இரண்டு வரியில் பதில் எழுதி முடித்திருப்பேன்.

சில்லறைக் கேள்விகளை முதலில் தீர்த்துவிடுகிறேன். உங்கள் அம்மா கேட்டதில் பிழை ஏதும் இல்லை. என் அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றபின் சிவாஜிநகரில் ஒரு கல்யாண பேண்டில்தான் பத்தாண்டுக் காலம் வாசித்தார், அந்தச் சம்பளத்தில்தான் நான் கல்லூரிக்குப் போனேன். சோழர் கதைகளைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதாக இல்லை. திரைப்படங்களிலிருந்து அவர்கள் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். பார்க்காத ஊரை வாசிக்கலாமா என்பதற்கு மியோவே பதில் சொல்லியிருக்கிறார். தெற்கு பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்தில் வளர்ந்த யூதர் அவர். 1940இல் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா சென்று, கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியில் ஆசிரியராக இருந்தபோது, 1944இல், பிரான்சைக் கண்ணால் கண்டிராத அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் வாசிப்பதற்காகத்தான் இதை எழுதினார். அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாரும் அண்ணன்மாரும் போரிட்டுக்கொண்டிருந்த மண்ணின் பாட்டுகள் இவை என்பதை அவர்கள் காதால் அறிய வேண்டும் என்று அவர் விரும்பினார். ஆகவே வாசியுங்கள். உங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது எழுதப்பட்டது.

ஆனால் அந்தத் திரை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும். நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கிய 1944இல், நார்மண்டி என்று எழுதியவர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று ஒரு நிமிடமாவது நினைத்துப் பார்த்தீர்களா? சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரம் போலப் பச்சைப் புல்வெளியும், ஊதாப் பூ வயலும், மேலிருந்து சரியும் கடற்கரையும் ஓட, நீங்கள் நாற்பது பேரும் அந்தப் படத்துக்குப் பின்னணி இசை வாசிக்கப் போகிறீர்கள். நான்கு ஆண்டு உழைத்து உதட்டைப் புண்ணாக்கிக்கொண்டது இதற்குத்தானா? நம்முடைய காது சினிமாவால் வளர்ந்தது. எந்த இசையும் ஏதோ ஒரு காட்சிக்கு அடியில் படுத்துக்கிடக்க வேண்டியது என்று அது பழகிவிட்டது. ஒருத்தி ஓடினால் தபேலா, ஒருவன் செத்தால் ஷெனாய். காட்சியை எடுத்துவிட்டால் கை உடைந்ததுபோலத் தவிக்கிறோம். கேட்பவர்களுக்கு உதவி என்கிறீர்கள். படம் ஓடத் தொடங்கிய நொடியிலேயே அரங்கில் உள்ள அத்தனை பேரும் காதை மூடிக்கொண்டு கண்ணைத் திறந்துகொள்வார்கள். இதற்கு உதவி என்று பெயரில்லை.

நான் இப்படிப் படபடப்பதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா இந்திய இராணுவத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸின் (எம்.இ.ஜி.) பேண்டில் கிளாரினெட் வாசித்தவர். வேலூர்ப் பக்கம் பாலாற்றங்கரைக் கிராமத்திலிருந்து பதினேழு வயதில் வந்து சேர்ந்து, பச்மரியில் இராணுவ இசைப் பயிற்சி பெற்று, பின் அல்சூரிலேயே தங்கிவிட்டவர். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி எம்.இ.ஜி. வளாகத்தின் மதில். காலை ஒத்திகை அந்த மதிலைத் தாண்டி வரும். பெரிய பித்தளை ஊதுகருவியான டியூபாவின் தாழ்ந்த சத்தம் முதலில், மற்றவை காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைப் பொறுத்து. அப்பா வீட்டில் தனியாக வாசித்துப் பழகுவது பெரும்பாலும் ஒரே ஒரு மெட்டைத்தான். ஆங்கில இசையமைப்பாளர் கூஸ்தவ் ஹோல்ஸ்ட் 1911இல் இராணுவ பேண்டுக்கு எழுதிய இரண்டாம் தொகுப்பின் இரண்டாம் பகுதி அது. 'சொற்களற்ற பாடல்' என்று அதற்குப் பெயர். சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஊதுமுனை நாணலான ரீடை நாக்கில் நனைத்துவிட்டு, அதை வாசிப்பார். எதிர்வீட்டு ஆயா, "இன்னிக்கும் அதே ஒப்பாரியா?" என்பார். அப்பா சிரித்துக்கொள்வார்.

கல்லூரியில் படிக்கும்போது, நகரத்து நூலகம் ஒன்றில், அந்த மெட்டின் சொற்கள் எனக்குக் கிடைத்தன. அது இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதி நாட்டுப்பாடல். காதலனை அவன் பெற்றோரே கடலுக்கு அனுப்பிவிட, அந்தப் பிரிவில் புத்தி பேதலித்த ஒரு பெண்ணை லண்டனின் பெட்லம் மனநோய் விடுதியில் அடைத்துவிடுகிறார்கள். கைச்சங்கிலியைக் குலுக்கியபடி, அவன் என்னை நேசிக்கிறான் என்று எனக்குத் தெரியும், அதனால் நான் அவனை நேசிக்கிறேன் என்று அவள் பாடுகிறாள். ஏதோ புதையலைத் தோண்டி எடுத்தவன்போல ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பாவம், அந்தப் பொண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவர் வாசித்த வாசிப்பு சகிக்கவில்லை. ஒவ்வொரு வரியையும் இழுத்தார், முடிவுகளை நடுங்கவிட்டார், இல்லாத இடத்தில் சங்கிலிச் சத்தத்தைத் தேடினார். எட்டாம் நாள் பழையபடி வாசிக்கக் கேட்டு, என்ன ஆயிற்று என்று கேட்டேன். "திரும்ப ஆத்துக்கே போயிட்டேன்" என்றார். எந்த ஆறு என்று கேட்டேன். இத்தனை ஆண்டும் அவர் அந்த மெட்டில் நடந்துகொண்டிருந்தது தண்ணீர் இல்லாத பாலாற்று மணலில்தானாம். மணலில் கால் புதைந்து புதைந்து எடுக்கும்போது எங்கே மூச்சு வாங்குமோ அங்கேதான் மூச்சு எடுப்பாராம். அவருடைய தாளில் மூச்சுக் குறியாக ஆங்கிலக் காற்புள்ளி இருக்காது. சிவப்புப் பென்சிலால் 'மூ' என்று எழுதியிருப்பார். இப்போது என் மேசையில் காய்ந்துகொண்டிருப்பது அந்தத் தாள்தான்.

ஊரைப் பற்றிய இசை, கதையைப் பற்றிய இசை என்று நீங்கள் எல்லோரும் சொல்லும்போது எனக்கு எழும் எரிச்சல் இங்கிருந்துதான் வருகிறது. பேண்டு என்பது நாற்பது பேரின் மூச்சு. வயலின்காரர் வில்லைத் திருப்பிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம். உங்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஓர் ஊர் இந்த இசைக்குள் நுழைகிறதென்றால் அந்த ஊர் மனிதர் எங்கே மூச்சு எடுத்தார் என்ற வழியாகத்தான் நுழைகிறது. இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இசையமைப்பாளர் பெர்சி கிரெயிஞ்சர். அந்த ஆஸ்திரேலியர் 1905, 1906ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் கிராமங்களில் அலைந்து, வயதான பாடகர்களிடம் பாட்டுகளைக் கேட்டு எழுதினார். மெழுகு உருளை ஃபோனோகிராஃபில் பதிவும் செய்தார். முப்பது ஆண்டு கழித்து, 1937இல், பெரும்பாலும் அவற்றிலிருந்தே ஆறு பாட்டுகளை எடுத்து 'லிங்கன்ஷயர் போசி' என்று பேண்டுக்கு ஆக்கினார். ஆறு பகுதிகளையும் ஆறு ஊர்க்காட்சிகளாக அவர் நினைக்கவில்லை. ஒவ்வொன்றும் அதைப் பாடியவரின் உருவச் சித்திரம் என்றார். கிழவர் ஓர் அடியை நீட்டினால் நீட்டியபடியே, அவசரமாக விழுங்கினால் விழுங்கியபடியே எழுதினார். அதனால்தான் அதில் ஐந்தும் மூன்றுமாகத் தாளம் உடைந்து உடைந்து வருகிறது; 'லார்ட் மெல்போர்ன்' பகுதி தாளக்கட்டே இல்லாமல் தொடங்குகிறது. மில்வாக்கியில் நடந்த அரங்கேற்றத்தில், தேர்ந்த வாத்தியக்காரர்கள் இருந்தும், ஆறில் மூன்றைத்தான் வாசித்தார்கள்; மற்றவை கைகூடவில்லை. அவர்களுக்குக் கிராமத்துக் கதை தெரியாததாலா? ஒரு கிழவரின் மூச்சுக்கு நாற்பது மூச்சுகளும் ஒத்துவர மறுத்ததால்தான்.

நீங்கள் புத்திசாலி, உடனே செக் நாட்டில் பிறந்த இசையமைப்பாளர் கரேல் ஹுசாவை என் தலையில் எறிவீர்கள். 'பிராக் 1968க்கான இசை' எழுதிய அவர், அந்த இசையின் பின்னணியைச் சொல்லும் முன்னுரையை ஒவ்வொரு நிகழ்ச்சித்தாளிலும் முழுமையாக அச்சிட வேண்டும், அல்லது அவையோருக்குப் படித்துக்காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டது உண்மை. தன் நகரமான பிராகுக்குள் 1968 ஆகஸ்ட் மாதத்தில் சோவியத் தலைமையிலான அந்நியப் படைகள் புகுந்ததை அமெரிக்காவில் வானொலியில் கேட்டுக்கொண்டிருந்த மனிதர் அவர். அவருக்கு அந்த உரிமை உண்டு, நான் வாதாடவில்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். பறவைபோல ஒற்றைப் பிக்கலோவில், அதாவது சிறு புல்லாங்குழலில், தொடங்குகிறார்; செக் மக்களின் பழைய ஹுஸ்ஸைட் போர்ப்பாடலின் முதல் சுரங்களைக் கேட்டும் கேட்காமலும் டிம்பனி முரசில் போடுகிறார்; மூன்றாம் பகுதி முழுவதையும் ஊதுகருவிகள் அனைத்தையும் வாய்மூட வைத்துத் தாளக்கருவிகளிடம் விட்டுவிடுகிறார்; கடைசியில் அந்தப் பாடலை எந்த ஒத்திசைவும் சேர்க்காமல் ஒரே குரலாக எழுப்புகிறார். பேண்டு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும் அந்த மூன்றாம் பகுதிக்குப் பின்னால் நீங்கள் டாங்கிகளின் படத்தை ஓட்டுவீர்களா? ஓட்டுவீர்கள் என்றுதான் அஞ்சுகிறேன்.

நேர்மையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள் அல்லவா, மறந்துவிட்டேன். முத்துசாமி தீட்சிதர் லண்டனைப் பார்த்தவரா? சென்னையில் கோட்டையில் கம்பெனி பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, சங்கராபரணத்தின் சுரங்களில் அவற்றுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கிறோம். ஆங்கிலேயரின் அரச வாழ்த்து மெட்டுதான் 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. திருவாரூர் முதல் காஞ்சிவரை ஊர் ஊராகச் சென்று அந்தந்தத் தலத்தைப் பாடிய அதே மனிதர்தான் இதையும் செய்தார். தீட்சிதர் அம்பாளை உட்காரவைத்தார், அப்பா பாலாற்றைக் கொண்டுவந்தார். இருவர் மீதும் எந்த இங்கிலாந்துக்காரரும் வழக்குப் போடவில்லை. ஹோல்ஸ்டே சமஸ்கிருதம் கற்று ரிக்வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர், அவர் எப்படிப் போடுவார்?

கடுமையாக எழுதிவிட்டேன். அலுவலகம் முடிந்து, வெளிவட்டச் சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று, அதற்குப் பிறகு ஒத்திகைக்குப் போய், மெட்டு வராத இரண்டாம் கிளாரினெட்டை வாசிக்கிறீர்கள் என்பதை மறக்கவில்லை. அப்பாவும் பல ஆண்டு இரண்டாம் கிளாரினெட்தான். கப்பன் பூங்காவின் எண்கோண மேடையில் அவர்கள் வாசிக்கும்போது கூட்டம் பார்ப்பது முன்வரிசையை. நானும் அம்மாவும் மட்டும் பக்கவாட்டில் போய் நிற்போம், அவர் கன்னம் தெரியும் கோணத்தில்.

ஒன்று செய்யுங்கள். பிரித்தானி பகுதியில் உங்கள் தாளை எடுத்து, எங்கெங்கே மூச்சு எடுக்கிறீர்கள் என்று பென்சிலால் குறித்து எனக்கு ஒரு படம் அனுப்புங்கள். பதிலுக்கு அப்பாவின் தாளை அனுப்புகிறேன். நிகழ்ச்சி நாளையும் இடத்தையும் தெரிவியுங்கள். திரையைச் சுருட்டி வைத்துவிட்டால் முன்வரிசைக்கு வருகிறேன். இல்லையென்றாலும் வருவேன், உங்கள் கன்னம் தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன்.