பதில்: பூத்துத் தள்ளுகிறது, பிஞ்சே இல்லாத பப்பாளி

வணக்கங்க. கோபியில் வீட்டுப் புழக்கடையில் மூன்று பப்பாளி வைத்து, அதில் ஒன்று மட்டும் நீளக் காம்பில் கொத்துக் கொத்தாகப் பூத்துத் தொங்குகிறது, பிஞ்சே இல்லை, வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீங்க. அது ஆண் மரம். உரம் போட்டுப் பயனில்லை.

முதலில் மற்ற இரண்டின் பூவைப் பாருங்கள். தண்டை ஒட்டி, அடி பருத்த மொட்டாக இருந்தால் பெண். அப்படியென்றால் அவற்றுக்கு மகரந்தம் தரப்போவது இந்த ஆண்தான். பக்கத்து வீடுகளில் வேறு ஆண் மரம் இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள். தோப்புக்காரர்களே 15, 20 பெண் மரத்துக்கு ஓர் ஆணை விட்டுவைப்பார்கள். மாறாக, மொட்டு உருளையாக நீண்டு, சூலும் மகரந்தப் பையும் ஒரே பூவில் இருந்தால் அது இருபால் மரம், தானே காய்க்கும். இரண்டுமே அப்படியென்றால் ஆணை வெட்டிடலாம்.

தின்ற பழத்து விதையைப் போட்டால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். அடுத்த முறை நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 விதை வாங்குங்கள். அதில் பெண்ணும் இருபாலும்தான் வரும்.

அப்புறம், வாய்க்கால் தண்ணீர் தூரில் தேங்க விடாதீங்க, அழுகிவிடும். காயில் மஞ்சள் வரி ஓடிய பிறகு பறியுங்கள். அப்படிப் பறித்த பழத்தோடு ஒப்பிட்டால் சந்தைப் பழமெல்லாம் சப்பென்றுதான் இருக்கும்.