முட்டி வலிக்கு இடுப்பிலிருந்து எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு வயது 53. இடது முட்டியின் உட்பக்கம் வலி, கால் வில் மாதிரி வளைந்திருக்கிறது. முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. மூட்டு மாற்று இப்போது வேண்டாம், எலும்பை வெட்டி நேராக்கலாம் என்கிறார் டாக்டர். அதற்கு இடுப்பு முதல் கணுக்கால் வரை இன்னொரு எக்ஸ்ரே கேட்கிறார். வீண்செலவுதானே?

பதில்: இல்லை. அதை எடுக்காமல் கத்தி வைக்கிறேன் என்று யாராவது சொன்னால்தான் நீங்கள் யோசிக்க வேண்டும்.

சின்ன எக்ஸ்ரே முட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டும். உட்பக்கம் மட்டும் ஏன் தேய்ந்தது என்பதற்கு முழுக்காலையும் பார்க்க வேண்டும். கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பாரே, அதே வேலைதான். இடுப்பில் இருக்கும் தொடை எலும்புப் பந்தின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு ஒரு கோடு போடுவோம். சாதாரணமாக அது முட்டியின் நடுவை ஒட்டி, துளி உட்பக்கமாகப் போகும். வில்காலில் கோடு இன்னும் உள்ளே விலகிவிடும். உடம்பின் பாரமும் அந்தப் பக்கமே ஏறும்.

அறுவையில் கீழ்க்கால் எலும்பை முட்டிக்குக் கீழே, உட்பக்கமிருந்து வெட்டுவார்கள். வெளிவிளிம்பை வெட்டாமல் கீல் மாதிரி விட்டு, இடைவெளியை மெல்லத் திறந்து, பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவார்கள். எவ்வளவு திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தோராயமாக 1 மில்லிமீட்டர் திறந்தால் கால் 1 டிகிரி நேராகும். குறைவாகத் திறந்தால் பழைய வலி திரும்பும். அதிகமானால் வெளிப்பக்கம் தேயத் தொடங்கும். முட்டியின் அகலத்தை உள்விளிம்பிலிருந்து 100 பங்காக்கினால், கோடு சுமார் 62-ஆம் பங்கில் விழ வேண்டும் என்பது நெடுநாள் கணக்கு. இப்போது பலர் அதற்குச் சற்று முன்பே நிறுத்துகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். எப்படியானாலும் இந்த அளவைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயை நின்றபடிதான் எடுக்க வேண்டும். படுத்தால் பாரம் இல்லாததால் வளைவு குறைத்துத் தெரியும். இன்னொன்று, பாதத்தை நேராக வைக்கச் சொல்லி எடுப்பது வழக்கமான தப்பு. முட்டிச்சில்லு நேர் முன்னே பார்க்க வேண்டும். பாதம் கொஞ்சம் திரும்பியிருந்தால் பரவாயில்லை. அம்மாவுடன் நீங்கள் உள்ளே போக முடியாது, அதனால் முன்பே டெக்னீஷியனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டு மாற்று என்றாலும் இதே கோடுதான். நேர்கோட்டிலிருந்து 3 டிகிரிக்குள் வைப்பது பழைய வழக்கம். அவரவர் இயல்பு வளைவைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம் என்பவர்களும் உண்டு. விபத்தில் எலும்பு முறிந்து ராடு போட்டவர்களுக்கு வேறொரு சிக்கல்: எலும்பு முறுக்கிக்கொண்டு சேர்ந்தால் சாதாரண எக்ஸ்ரேயில் அது எளிதில் பிடிபடாது. ஒரு பாதம் மட்டும் வழக்கத்தைவிட வெளியே திரும்பி நிற்கிறதா என்று முதல் வாரத்திலேயே பார்த்துச் சொல்லிவிட வேண்டும். எலும்பு கூடிவிட்டால் மறுபடி வெட்டத்தான் வேண்டியிருக்கும்.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். டாக்டரிடம் படத்தை வைத்துக்கொண்டே கேளுங்கள்: "கோடு இப்போது எங்கே விழுகிறது, அப்புறம் எங்கே விழும்?" முட்டியின் வெளிப்பக்கம் நன்றாக இருக்கிறதா என்றும் கேளுங்கள். அது கெட்டிருந்தால் இந்த அறுவை சரிப்படாது.

அம்மாவிடமும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். அறுவை முடிந்து முதல்முறை எழுந்து நிற்பவர்களில் சிலர், நேராக்கிய காலைக் காட்டி "இது கோணலா இருக்கே டாக்டர்" என்பார்கள். பக்கத்தில் இருக்கும் மற்ற கால் இன்னும் வளைந்தபடியே இருக்கும், அதுதான் காரணம்.