கார்ட்டரை மன்னிக்க வேண்டாம்

வணக்கம் சார்,

பழைய பிரிட்டிஷ் கேங்ஸ்டர் படங்களைப் பற்றிப் பேசும்போது நீங்கள் சொன்னதால் 'கெட் கார்ட்டர்' (1971) பார்த்தேன். கூடப்பிறந்தவனின் சாவுக்குப் பழிவாங்க ஒருவன் லண்டனிலிருந்து நியூகாசில் போகிறான், சரி. ஆனால் கார் டிக்கியில் கிடக்கும் பெண்ணோடு காரை எதிராளிகள் ஆற்றில் தள்ளும்போது சும்மா பார்த்துக்கொண்டு நிற்கிறான். இவனை எப்படி நாயகன் என்று ஏற்பது?

ஆர்., ஈரோடு

அன்புள்ள ஆர்.,

ஏற்க வேண்டாம். படமும் அப்படிக் கேட்கவில்லை.

முதல் காட்சியை இன்னொரு தடவை பாருங்கள். லண்டனில் முதலாளிகள் ஆபாச ஸ்லைடுகளைத் திரையில் போட்டு ரசிக்கிறார்கள். கார்ட்டராக வரும் மைக்கேல் கெய்னும் அங்கேதான் இருக்கிறார். அந்தப் படங்கள் அவரை ஒன்றும் செய்யவில்லை. பிற்பாடு நியூகாசிலில் கிளெண்டா என்ற பெண்ணின் கட்டிலில் படுத்தபடி அதே ரகப் படம் ஒன்றைப் பார்க்கிறார். அதில் இருப்பவள் டோரீன், செத்துப்போன கூடப்பிறந்தவனின் மகள். அப்போதுதான் கண்ணீர் வருகிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்களே, இவனுக்கு அப்போதும் முழுசாகத் தெரியவில்லை. நீங்கள் சொன்ன டிக்கியில் கிடப்பவள் அந்தக் கிளெண்டாதான். அழுது முடித்த கையோடு அவளை அதில் போட்டு அடைத்தவனும் இவன்தான்.

சில்வெஸ்டர் ஸ்டலோன் நடித்து 2000இல் வந்த மறுஆக்கத்தில் கார்ட்டர் உயிர் பிழைக்கிறான். அதோடு கதை போச்சு.

இயக்குநர் மைக் ஹாட்ஜஸுக்கு இது முதல் சினிமா. டிவியில் செய்திப்படங்கள் எடுத்துக்கொண்டிருந்தவர். ஒளிப்பதிவாளர் வுல்ஃப்காங் சுஷிட்ஸ்கியும் ஆவணப்பட ஆள். டெட் லூயிஸின் நாவலில் கதை வேறு ஊரில் நடக்கிறது. நியூகாசிலுக்குக் கொண்டுபோனவர் ஹாட்ஜஸ். அதனால்தான் மதுக்கடை முகங்களும் பின்சந்துகளும் செட் போட்டது மாதிரி இல்லை. கார்ட்டர் ஒருவனை மேலிருந்து தூக்கி எறிகிறானே, கேட்ஸ்ஹெட்டின் அந்தக் கான்கிரீட் கார் நிறுத்தத்தை 2010இல் இடித்துவிட்டார்கள்.

கடைசிக் கடற்கரையும் நிஜம்தான். பிளாக்ஹால் நிலக்கரிச் சுரங்கத்தின் கழிவைத் தொட்டி தொட்டியாகக் கம்பிவடத்தில் கொண்டுவந்து கடலில் கொட்டினார்கள், அப்போது மணலே கருத்துக்கிடந்தது. கார்ட்டர் பழிவாங்கிக் கொன்ற எரிக்கின் பிணமும் அப்படி ஒரு தொட்டியில்தான் போகிறது. கார்ட்டர் சிரிக்கிறான், உடனே குண்டு பாய்கிறது.

சுட்டவன் கையில் இருக்கும் மோதிரத்தைக் கவனித்தீர்களா? தொடக்கத்தில் ரயில் ஓடும்போது அதே பெட்டியில் அதே மோதிரத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான்.